நேத்து என்ன பண்ணீங்க?

“நேத்தா? நேத்து சும்மாதான் தாயி இருந்தேன்.”

2019-ல் நான் கேள்வித்தாளோடு போய் உட்கார்ந்த முதல் பத்து வீடுகளில் ஏழெட்டுப் பெண்கள் சொன்ன பதில் இது. சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா இதைச் சொல்லும்போதே பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை கொதித்தது. கால்மாட்டில் பேரப்பிள்ளை தூங்கியது.

அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. 1998-99-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக ஒன்று நடந்திருந்தது. நாடு முழுக்க நடந்தது 2019-ல்தான். விருதுநகர் மாவட்டத்தில் எனக்கு ஒப்பந்தக் களப்பணி கிடைத்தது. வீட்டில் ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணிவரை என்ன செய்தார்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு 48 கட்டங்கள்.

கேட்பதற்குச் சுலபமான வேலையாகத் தெரியும். கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். “எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க?” என்றால் “வெள்ளனத்துல” என்பார்கள். அதனால் நாங்கள் வேறு முளைகளை அடித்துக்கொண்டோம். முதல் பஸ் வருவதற்கு முன்பா பின்பா? மில் சங்கு ஊதியபோது அடுப்பில் என்ன இருந்தது? எந்த நாடகம் ஓடும்போது பாத்திரம் கழுவினீர்கள்? இப்படிப் பிடித்துப் பிடித்துப் போனால், சும்மா இருந்த அந்த அக்காவின் நாள் நாற்பது நிமிடப் பேச்சில் முழுதாக வெளியே வந்தது. தூக்கம் ஆறரை மணி நேரம். தண்ணீர், சமையல், பிள்ளை, குழாய் உருட்டல், மறுபடி தண்ணீர். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். “ஆத்தாடி, இம்புட்டா?” என்று அவரே சிரித்தார்.

ஆண்கள் பக்கத்தில் வேறு மாதிரி. ஒரு வீட்டில் கணவர் தினமும் இரவு பாத்திரம் கழுவுகிறார் என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை உளறிவிட்டான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி என்னை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “அத எழுதிராதீங்க மேடம், அவருக்கு அசிங்கமாப் போயிரும்” என்றார். பெண்கள் செய்வதுதான் கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். ஆண்கள் செய்கிற கொஞ்சநஞ்சமும் ஒளிந்துகொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

2020 செப்டம்பர் கடைசியில் முடிவுகள் வந்தன. ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். எல்லாப் பத்திரிகையும் இந்த இரண்டு எண்ணைப் போட்டன. எனக்கு அதில் ஒரு சின்னக் குறை. அந்த 97 என்பது முந்தைய நாள் வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். ஒன்றும் செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் ஆணுக்கு 25 நிமிடம், பெண்ணுக்கு 243 நிமிடம். அடுத்த தடவை யாராவது ‘இந்திய ஆண் ஒன்றரை மணி நேரம் வீட்டு வேலை செய்கிறான்’ என்று சொன்னால் இந்த 25-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் எடுப்பதும் விறகு பொறுக்குவதும் அந்த 299-க்குள் இல்லை. வகைப்பாட்டில் அவை ‘சொந்த உபயோகத்துக்கான பொருள் உற்பத்தி’ என்ற தனிப் பிரிவில் போய்விடும். எங்கள் மாவட்டத்துப் பெண்களிடம் தண்ணீர்க் குடம் வீட்டு வேலை இல்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு சாலை விபத்து வழக்கின் தீர்ப்பில் இதே 299, 97 இரண்டையும் எடுத்துச் சொல்லி, இல்லத்தரசியின் உழைப்புக்கு இழப்பீட்டில் மதிப்புப் போட வேண்டும் என்றது. அந்தச் செய்தியைக் கைபேசியில் படித்தபோது காகிதக் குழாய் உருட்டிய அக்கா நினைவுக்கு வந்தார். அவருடைய கட்டங்களும் அதற்குள் எங்கோ இருக்கின்றன.

சரி, ஊர்க்கதை போதும். என் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில். வீட்டுக்காரருக்குப் பெயின்ட் கடை. மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே பையன், அப்போது எட்டு வயது. ஊரடங்கு நாட்களில் கடை பாதி நாள் மூடியிருந்தது, பையனுக்கு வகுப்பு கைபேசியில். நாலு பேரும் நாள் முழுக்க வீட்டுக்குள். சண்டை வராமல் என்ன செய்யும்?

ஒருநாள் நான், “நீங்க ஒருநாளும் ஒரு துரும்பத் தூக்கி வச்சதில்ல” என்றேன். அவர், “எப்பவும் நான்தானே தண்ணி புடிக்கிறேன், எப்பவும் நான்தானே கறி வாங்கியாறேன்” என்றார். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே என் மண்டைக்குள் களப்பணிக்காரி விழித்துக்கொண்டாள். ஒரு வீட்டில் யாராவது ‘எப்பவும்’ என்றோ ‘ஒருநாளும்’ என்றோ சொன்னால் நான் அதை எழுதமாட்டேனே. “அது இருக்கட்டும்க்கா, நேத்து என்ன பண்ணீங்க?” என்றுதானே திருப்பிக் கேட்பேன். என் வீட்டில் மட்டும் பத்து வருடமாக ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ இரண்டையும் வைத்தே குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஒரு வாரம் எழுதிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் ஒரு விளையாட்டு. வீட்டு வேலையில் மொத்தம் நூறு என்றால் உன் பங்கு எவ்வளவு என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். நான் 65 போட்டேன். அவர் 35 போட்டார். எங்கள் இரண்டு பேரிலேயே நூறு முடிந்துவிட்டது. அத்தை, “எனக்கு என்னத்த, ஒரு பத்துப் போட்டுக்கோ” என்றார்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கனடாவில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 37 தம்பதிகளிடம் இதே மாதிரி கேட்டு 1979-ல் வெளியிட்டார்கள். கணவனும் மனைவியும் சொன்ன பங்கைக் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டியது. காரணம் பொய் சொல்வது இல்லை. நான் செய்தது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது, அவர் செய்தபோது நான் அந்த இடத்திலேயே இல்லை. யார் செய்வது கூட, யாரை மட்டமாக்கலாம் என்று யோசிப்பதைவிட, எங்கள் இரண்டு பேருக்குமே கண் பாதிதான் தெரிகிறது என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் இறங்கியது.

எழுதும் முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆளுக்கு ஒரு பக்கம், அரை மணிக்கு ஒரு கோடு. இரவே எழுத வேண்டாம், எல்லோருக்கும் தூக்கம் கண்ணைக் கட்டும். மறுநாள் காலை காபி நேரத்தில் முந்தைய நாளை எழுத வேண்டும். ‘வழக்கமா’ என்று ஆரம்பிக்கக் கூடாது. ஒருவர் பக்கத்தை இன்னொருவர் திருத்தக் கூடாது. எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே இந்த விதி உடைந்தது. “அர மணி தண்ணி புடிச்சேன்னு போட்டிருக்கீங்க, மோட்டாரப் போட்டுட்டு போன்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க” என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டார். “இது என்ன, வட்டிக் கணக்கா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் நாலாம் நாள் நடந்தது.

அத்தைக்கு எழுத வராது. அவர் பக்கத்தை நான் கேட்டு எழுதினேன். “நேத்து நாலு மணிக்கு என்ன பண்ணீங்க அத்த?” “சும்மா படுத்திருந்தேன்.” “தூங்கினீங்களா?” “இல்ல, பால் வந்துருச்சான்னு பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்.” அப்புறம் வாசல் தெளித்துக் கோலம், பால், பையனுக்குக் கஞ்சி, எனக்கும் அவருக்கும் டிபன், துணி, மதியச் சமையல், மாவு ஆட்டியது, கறிவேப்பிலைக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கிராமத்து அக்காக்களிடம் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்ட நான், பத்து வருடமாக ஒரே கூரைக்குள் இருக்கும் மனுஷியிடம் அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

வாரக் கடைசியில் கூட்டினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக அத்தை 340 நிமிடம், நான் 260, வீட்டுக்காரர் 50.

50-ஐ எதிர்பார்த்தேன். அதைக் காட்டித் தீர்ப்பு வாங்கலாம் என்றுதான் நோட்டே போட்டேன். 340-ஐ எதிர்பார்க்கவில்லை. 65 என்று சீட்டெழுதிய எனக்கு நாற்பதுதான். பத்துப் போட்டுக்கொள் என்ற அத்தைக்குப் பாதிக்கு மேல். 2019 முழுக்க நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் உழைப்பை எழுத முடிந்தது, அறுபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என் வீட்டில் என் கட்டங்களையும் சேர்த்து நிரப்பியதால். கணவன் மனைவி சண்டையாக நாங்கள் நடத்திக்கொண்டிருந்தது எல்லாம் உண்மையில் மூன்று பேர் கணக்கு. மூன்றாவது ஆள் சண்டையில் பேசாததால் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நோட்டில் எல்லாமும் விழாது. அந்த ஆய்விலேயே அரை மணிக்குள் பல வேலை நடந்தால், பத்து நிமிடமாவது நீடித்ததைத்தான் எழுதுவோம், அதிலும் மூன்று வரைக்கும்தான். பால் பொங்காமல் பார்ப்பது, மருந்தை எடுத்துக் கொடுப்பது, குழாயை மூடுவது எல்லாம் இடுக்கில் விழுந்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை, நினைத்துக்கொண்டே இருக்கும் வேலை. சிலிண்டர் எப்போது தீரும், பையனுக்கு ஷூ சிறிதாகிவிட்டதா, கொழுந்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன செய்முறை செய்வது. அமெரிக்காவில் அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019-ல் எழுதிய ஆய்வில் இதை நான்காகப் பிரிக்கிறார்: வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முடிவெடுப்பதில் இருவரும் சேர்ந்திருந்தார்களாம். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில். எங்கள் வீட்டிலும் அச்சு அசல் அப்படித்தான். எந்த ஷூ என்பதில் வீட்டுக்காரர் கருத்துச் சொல்வார். ஷூ வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.

அதனால் வேலையைத் துண்டு போட்டுப் பங்கு பிரிக்கவில்லை. ‘உதவி செய்யுங்க’ என்று கேட்டு வாங்கும் வேலையில், நினைப்பதும் ஏவுவதும் என்னிடமே இருக்கும். ஒரு வேலையை வேரோடு பிடுங்கி இன்னொருவர் தோட்டத்தில் நட வேண்டும். பையனின் காலை முழுவதையும் அவருக்குக் கொடுத்தோம். எழுப்புவது, குளிப்பாட்டுவது, வீட்டுப்பாடம், பள்ளி திறந்த பிறகு டிபன் பாக்ஸ், சீருடை, டைரியில் கையெழுத்து எல்லாம். சிலிண்டரும் அவர் பொறுப்பு.

முதல் மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. சிலிண்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கறி பாதி வேகும்போது தீர்ந்தது. பதிவே செய்யவில்லை. பையன் ஒருநாள் இரண்டு நிறச் சாக்ஸோடு போனான். எனக்கு வாய் துறுதுறுத்தது. வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்த கஷ்டமான வேலை, அதற்கு நோட்டில் கட்டம் கிடையாது. ஒருவர் தப்பாகச் செய்வதை நாம் நுழைந்து சரிசெய்தால் அந்த வேலை அன்றைக்கே நம்மிடம் திரும்பி வந்துவிடும். இரண்டாம் மாதம் அவரே கைபேசியில் நினைவூட்டல் போட்டுக்கொண்டார்.

அத்தை விஷயம்தான் சிக்கல். அவருடைய சுமையைக் குறைக்கிறோம் என்று பாத்திரத்தை வீட்டுக்காரர் எடுத்தார். அத்தை அவருக்கு முன்பே எழுந்து கழுவி வைத்துவிடுவார். “கடைக்குப் போற புள்ள கையில பாத்திரமா?” நான் மதியச் சமையலை எடுத்துக்கொள்கிறேன் என்றேன், முகம் சுருங்கிப்போனது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுப்படி அவருக்கு வேலை மட்டும் இல்லை, அந்த வீட்டில் அவருடைய இடம். மாமனார் போன பிறகு அதுவும் இல்லையென்றால் அவர் எங்கே நிற்பார்? நிமிடத்தை மட்டும் பார்த்துக் குறைக்கப் போனால் ஆளையே குறைத்துவிடுவோம்.

“எந்த வேலை வேண்டாம்னு தோணுது அத்த?” என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்ன பதில் சமையல் பக்கமே வரவில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெருப் பெண்கள் கோயிலுக்குப் போகும்போது தானும் போக வேண்டும், ஏழு மணிவரை பையனையும் பாலையும் யாரும் தன் தலையில் கட்டக் கூடாது. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 120 நிமிடம், யாரும் கூப்பிடாத நிமிடம். ஓய்வைப் பற்றி ஆஸ்திரேலியத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றும் இதைத்தான் சொல்கிறது: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓய்வு நேரம் அளவில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், பெண்ணின் ஓய்வு துண்டு துண்டாகக் கிடக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒரு குரல் வரும். அந்தக் குரலை நிறுத்தினாலே பாதி ஓய்வு.

இயந்திரம் வாங்கினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோன் வானெக் என்பவர் 1974-ல் எழுதிய கட்டுரைப்படி, வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920-களில் வாரம் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். இயந்திரமெல்லாம் வந்த 1960-களில் 55 மணி நேரம். அத்தை இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. “ஆட்டுக்கல் இருந்தப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் இட்லி. கிரைண்டர் வந்தப்புறம் தெனம் இட்லி, அதுக்கு ரெண்டு சட்னி” என்றார். எங்கள் வீட்டில் சலவை இயந்திரம் வந்த பிறகு துணி தினமும் அழுக்காகிறது.

ஆனால் வீட்டுக்கு வெளியே இருந்து வரும் மாற்றம் கணக்கை மாற்றும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த பிறகு, கிராமத்தில் தெரிந்த பெண்களிடம் பேசும்போது காலை ஆறிலிருந்து எட்டு என்ற இடத்தில் ஒரு தளர்வு தெரிகிறது. நூறு நாள் வேலைக்கோ கம்பெனி வேனுக்கோ ஓடுகிறவர்களுக்கு அந்த அரை மணி பெரிது. புருஷன் மாறுவதற்குக் காத்திருக்காமல் கிடைத்த அரை மணி. 2024-ல் நேர ஆய்வு மறுபடி நடந்தது: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததைக் கொண்டாடினார்கள். ஆண்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோட்டு எல்லா வீட்டுக்கும் ஆகாது. கைநீட்டுகிற வீட்டில், எழுதியதற்காகவே அடி விழும் வீட்டில் இதை எடுக்காதீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள், அதுவும் தனியாக. தனிமை கிடைக்கவில்லை என்றால் கேட்கவே மாட்டார்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த விதி அது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கணக்கு நோட்டு தீர்வு ஆகாது. பெண்களுக்கான உதவி எண் 181-க்கு அழைப்பதுதான் முதல் வேலை.

எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் நோட்டு எடுக்கிறோம், பெரும்பாலும் மே மாதத்தில். தினமும் எழுதினால் குடும்பம் கடையாகிவிடும். போன மே மாதம் வீட்டுக்காரர் 140, நான் 235, அத்தை 215. வீட்டுக்காரர் கணக்கு இன்னும் என் கணக்குக்குப் பக்கத்தில் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை பற்றிய பேச்சுவார்த்தை இழுபறியாகவே இருக்கிறது. அத்தையின் அஞ்சு மணி கட்டத்தில் ‘கோயில்’ என்று எழுதுகிறேன். உண்மையில் கோயிலில் பத்து நிமிடம், மீதி நேரம் தேரடியில் ஊர்ப்பேச்சு.

இப்போது பதின்மூன்று வயதாகும் பையனின் பக்கத்தில் வீட்டு வேலை 5 நிமிடம். தட்டைக் கழுவும் தொட்டியில் போட்டதையும் சேர்த்து. “பாட்டிதான் எப்பவும் என்னைய விடமாட்டேங்கிறாங்க” என்றான்.

“எப்பவும்னு சொல்லாத. நேத்து?”

அவன் நோட்டை என் பக்கத்துக்குத் திருப்பினான். “சரி, நீ நேத்து ராத்திரி பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ‘நாளைக்குப் பிளான் பண்ணேன்’னு எழுதியிருக்க. போன்தானம்மா பாத்துக்கிட்டு இருந்த?”

அடுத்தவர் பக்கத்தைத் திருத்தக் கூடாது என்று விதியை நினைவுபடுத்தினேன். அப்புறம் அழித்துவிட்டு மாற்றி எழுதினேன்.